பிடி அரிசிக்கும் ஆட்டோவுக்கும் நன்றி

அன்பான சபையாருக்கும் எங்கள் பசுமலைத் தெருக்காரர்களுக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். அவர் வேலைக்குப் போவது நின்றது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிகிச்சைக்குச் செலவில்லை. வாடகைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் அட்டை கிடையாதே!

முதல் நன்றி பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் படைப்பது நம் வழக்கம். நானும் வருஷக்கணக்காகக் கொண்டுபோயிருக்கிறேன். அதே அரிசி என் வாசலுக்கு வந்தபோது வாங்கக் கூச்சமாக இருந்தது. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்திருக்கும். சோறு ஒரே பதமாக வேகாது. பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை.

'விசுவாசக் குறைவால் வந்த நோய் இது, டயாலிசிஸை விட்டுவிட்டு உபவாசம் இருங்கள்' என்று வீடு தேடி வந்து சொன்னவர்களும் உண்டு. எங்கள் ஆயர் ஐயா, அப்படிச் சொன்னவர்கள் முன்னாலேயே, "அந்த மிஷினும் ஆண்டவர் கொடுத்ததுதான், ஒரு நாள்கூடத் தவறவிடாதீங்க" என்றார். அவர் அன்று வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம், எனக்கு ஜெபமே வராமல் போன மாதங்கள். ஆராதனையில் பாட்டு வரும்போது வாய் திறக்காமல் நிற்பேன். பின்வரிசையில் உட்காரும் பாட்டி ஒருவர் அதைக் கவனித்திருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து பைபிளில் 13ஆம் சங்கீதத்தை வாசித்தார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இப்படி எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று நாலு தடவை கேட்கிறார் தாவீது. "ராஜாவே கேட்டிருக்காரு, நீ கேட்டா என்னம்மா?" என்றார் பாட்டி. அன்றிலிருந்து என் ஜெபம் அதுதான். திட்டாத குறையாகக் கேட்பேன். சிரித்த முகமாக இருந்தால்தான் விசுவாசி என்று என் தலையில் யார் ஏற்றினார்களோ! அந்தச் சங்கீதம் "அவரைப் பாடுவேன்" என்றுதான் முடிகிறது. நான் அந்த வசனத்துக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆனது. அதுவரை எனக்கும் சேர்த்துப் பாட்டிதான் பாடினார்.

ஆட்டோ பாய்க்கு எப்படி நன்றி சொல்ல? கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளும் டயாலிசிஸ் நாளும் ஒன்றாக வந்தன. முந்தின நாள் காலையிலேயே வந்து நின்றார். "நாளைக்குப் பாலம் தாண்ட முடியாதுக்கா, இப்பவே கிளம்புங்க." வைகைக்கு அக்கரையில், ஆஸ்பத்திரி பக்கம் இருக்கும் கோரிப்பாளையத்தில் தன் அக்கா வீட்டில் எங்களைத் தங்கவைத்தார். அந்த அம்மா என் வீட்டுக்காரருக்கென்று உப்புக் குறைத்துத் தனியாகச் சமைத்தார். மறுநாள் அங்கிருந்து நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். வாடகையைக் கேட்டால், "பிறகு பார்த்துக்கலாம்" என்கிறார் இன்னமும்.

குணமாகிவிட்டதா என்று பலர் கேட்கிறீர்கள். இல்லை, டயாலிசிஸ் தொடர்கிறது. பார்க்க வாருங்கள், ஆனால் இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம். அவற்றில் பொட்டாசியம் அதிகம், இவருக்கு அது இதயத்தைப் பாதிக்கும்.

வாசல் முருங்கை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. ஆலயத்தின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு ஒரு கட்டு கொண்டுவருவேன். விலையைக் கூட்டிக் கேளுங்கள்!

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
பசுமலை, மதுரை.