வால்பாறையிலிருந்து

அன்புள்ள செல்வத்துக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. நான் கேட்டதாகச் சொல்.

இங்கே டிரைவ் டெஸ்ட் நடக்கிறது, வண்டியில் போய்க்கொண்டே மொபைல் சிக்னலை அளக்கிற வேலை. ஆழியாற்றிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் படுத்துகிற பாடு உனக்கே தெரியும். ஒரு வளைவில் மைனஸ் 85 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸுக்குப் பின் எண் கூடக் கூடப் பலம் குறைவு). வண்டி திரும்பி மலை மறைத்ததும் மைனஸ் 115. ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம்! தூரம் போகப் போக சிக்னல் எப்படிக் குறைகிறது என்று ஒக்குமுரா டோக்கியோ வட்டாரத்தில் அளந்து 1968இல் வெளியிட்ட வளைகோடுகளை, 1980இல் ஹாட்டா சூத்திரமாக்கினாரே, அது சராசரி சொல்லும். இந்த மலையில் சராசரியை வைத்து டவருக்கு இடம் பார்க்க முடியாது. அளந்த புள்ளிகளுக்கு நடுவில் உள்ளதைக் கிரிகிங் முறையில் நிரப்புகிறோம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காகப் பிறந்த கணக்கு. மதிப்போடு, அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் இரண்டாவது படமாகச் சேர்த்தே தரும். மீட்டிங்கில் அந்த இரண்டாவது படத்தை யாரும் கேட்பதில்லை. நான் விடாமல் காட்டுகிறேன்.

வண்டி சாலையோடு போய்விடுகிறது. ஜனங்கள் இருப்பது தேயிலைக்குள், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில். நேற்று ஒரு வீட்டில் போனை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டு, அங்கேயே நின்றுதான் அந்த அக்கா மகளோடு பேசுகிறார். அளந்து பார்த்தேன்: கம்பியோரம் மைனஸ் 108, அடுப்படியில் மைனஸ் 121. நம் வரைபடத்தில் அந்த வீடு பச்சைக்குள், அதாவது சிக்னல் உள்ள இடமாக, வருகிறது.

மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபியின் ரிலீஸ் 10இல் வந்த எம்டிடி என்ற வசதியில் சந்தாதாரரின் போனே அளந்து அனுப்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிக்னலே வராத ஊரில் அந்த சிம்மை யார் வாங்குவார்கள்? சிம் இல்லாத இடத்திலிருந்து அளவு வராது. அளவு வராத இடம் திட்டத்தில் கடைசிக்குப் போய்விடும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்கிற கதை. கவரேஜ் வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று 2024இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது பெரிய விஷயம். அதில் வீட்டுக்குள் கிடைக்கும் அளவும் தனியாக வர வேண்டும் என்பேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உன் இறுதியாண்டு மாணவர்களுக்கு இதையே ப்ராஜெக்டாகக் கொடேன். ஆர்எஸ்ஆர்பி, அதாவது போனுக்கு வந்து சேரும் சிக்னல் பலம், காட்டும் ஆப் போட்ட சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும், நடந்தே அளக்கலாம். தங்க இடம் நான் பார்த்துத் தருகிறேன். மே மாதத்துக்குள் வரச் சொல். மழை பிடித்துவிட்டால் அட்டைக்கடியில் தேயிலைக்குள் கால் வைக்க முடியாது.

அன்புடன்,
ரவி