விடையைப் பார்த்து எழுதிய டெஸ்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி லேப் ரெக்கார்டில் கடைசி வரியாக நாங்கள் எல்லோரும் ஒன்று எழுதுவோம், 'புரோகிராம் இயக்கிச் சரிபார்க்கப்பட்டது' என்று. எதை வைத்துச் சரிபார்த்தோம்? திரையில் வந்ததை அவுட்புட் என்று எழுதினோம், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் வேலைக்கு வந்த பிறகும் போகவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

நான் டெஸ்டிங் வேலை பார்த்த ஓர் இடத்தில் கடைகளுக்கான பில்லிங் புரோகிராம். 1,000 ரூபாய் பொருள், 10 சதவீதம் தள்ளுபடி, 18 சதவீதம் ஜிஎஸ்டி. பில்லிலேயே காட்டும் தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் வரி, அதாவது 900-க்கு 162, மொத்தம் 1,062. எங்கள் புரோகிராமோ முழு ஆயிரத்துக்கும் வரி போட்டுவிட்டு அப்புறம் நூறைக் கழித்தது, வந்தது 1,080. டெஸ்ட்டை, அதாவது புரோகிராம் தரும் விடையை வர வேண்டிய விடையோடு ஒப்பிடும் சின்னச் சோதனையை, திறந்து பார்த்தால் அதிலும் அதே 1,080! கோடு (code, புரோகிராமின் வரிகள்) எழுதியவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, வந்த எண்ணையே சரியான விடை என்று போட்டிருந்தார். மாதக்கணக்கில் எல்லா டெஸ்ட்டும் பாஸ். கடைசியில் கால்குலேட்டரோடு உட்கார்ந்து கண்டுபிடித்தவர் ஒரு கடையின் கணக்குப்பிள்ளை. 18 ரூபாய்தானே என்றார்கள், எனக்கு மனசு ஆறவில்லை, அது பொருள் வாங்கியவர்களின் காசு.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியது. திசைகாட்டும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடியதுதான். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம், அதைக் குறித்த 64 பிட் எண் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. அந்தக் கருவிக்கு எழுதிய தேவைகளில் ஏரியான் 5 பறக்கும் பாதையே இடம்பெறவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. எழுதி வைக்காததை யார் சோதிப்பார்கள்?

புரோகிராம் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலிலேயே டெஸ்ட்டாக எழுதி வையுங்கள் என்று நான் சொன்னால், டெஸ்ட் நாலு உதாரணம்தானே, அது எப்படி விதியாகும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். 2020, 2024 லீப் வருடம் என்று மட்டும் சோதித்தால் நாலால் வகுபடுகிறதா என்று மட்டும் பார்க்கும் கோடும் பாஸ் ஆகிவிடும், 1900 லீப் வருடம் இல்லை என்பது விதி தெரிந்தவருக்குத்தான் தோன்றும். அதனால் விதியையும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள், ஆனால் கோடுக்கு முன்பே எழுதுங்கள். இப்போது ஏஐ கருவியிடம் கோடைக் கொடுத்து டெஸ்ட் எழுதச் சொல்கிறார்கள், அதுவும் கோடு செய்வதையே பார்த்து எழுதினால் மறுபடி 1,080தான்.

கணினி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர்கள் கம்ப்யூட்டரைத் தொடும் முன், வர வேண்டிய விடையைக் கையால் போட்டு ரெக்கார்டில் எழுத வையுங்கள்.

— ஒரு டெஸ்ட்டர், கோயம்புத்தூர்