எந்த ஃபோல்டரில் போடுவது?

அன்புள்ள மூர்த்தி,

உன் மடல் கிடைத்தது. சின்னவள் கோவையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். எனக்கு முழங்கால் வலிதான். அதைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அப்பாவின் மருத்துவக் காகிதங்கள், பட்டா நகல், காப்பீட்டு ரசீது எல்லாம் போனில் கொஞ்சம், டைரியில் கொஞ்சம், உனக்கு நீயே அனுப்பிக்கொண்ட வாட்ஸப்பில் மிச்சம் என்று எழுதியிருந்தாய். ஒரே இடத்தில் வைக்க என்ன மென்பொருள் என்றும் கேட்டிருந்தாய். பெயர் சொல்வது சுலபம். ஆனால் ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்கியும் உனக்கு ஏன் அது நிற்கவில்லை? “டாக்டர் அப்பாவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையின் அளவைக் குறைத்தார், மூன்று மாதம் கழித்து ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார்.” இந்த ஒரு வரியை எங்கே போடுவாய்? அப்பா பெயரிலா, டாக்டர் பெயரிலா, செய்ய வேண்டிய வேலைகளிலா? மூன்றிலும் எழுதினால், ஒன்றைத் திருத்தும்போது மற்ற இரண்டும் பழசாகவே கிடக்கும். ஒன்றில் மட்டும் எழுதினால், தேடுகிற நாளில் நீ வேறு இடத்தைத்தான் முதலில் திறப்பாய். எழுதும் நிமிடத்திலேயே இடத்தையும் முடிவு செய் என்கிறதே இந்த ஃபோல்டர் முறை, அதுதான் தொல்லை.

இதற்கு வழி கண்டவர்கள் விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்திலேயே இருந்தார்கள். 1-2-3 என்ற கணக்கு அட்டவணை மென்பொருளால் பெயர் பெற்ற மிட்ச் கேபோர் கூட்டாளிகளோடு சேர்ந்து உருவாக்கிய அஜெண்டா என்ற குறிப்பு மென்பொருளை லோட்டஸ் நிறுவனம் 1988-இல் வெளியிட்டது. முதலில் வரியை எழுது, வகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் வழி. ஒரே வரி எத்தனை வகைகளிலும் இருக்கலாம். ‘அடுத்த செவ்வாய்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் தேதியை அதுவே போட்டுக்கொள்ளும். 1993-இல் வந்த எக்கோ ப்ரோ என்ற மென்பொருள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இடப்பக்கம் தலைப்பு, துணைத்தலைப்பு என்று இறங்கும் அவுட்லைன். வலப்பக்கம் எக்ஸெல் மாதிரி நெடுவரிசைகள். தேதி, ஆள், தொகை என்று எதையும் போடலாம். அப்பா வரியை டாக்டர் பட்டியலில் திருத்தினால் அப்பா பட்டியலிலும் திருந்தியிருக்கும், ஏனென்றால் இருப்பதே ஒரு வரிதான்.

எக்கோவை வாங்கியிருந்த நெட்மேனேஜ் நிறுவனம் 1997-இல் அதைக் கைவிட்டுவிட்டது. மின்னஞ்சலும் நாட்காட்டியும் பார்க்கும் அவுட்லுக், மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் தொகுப்போடு சேர்ந்தே வர ஆரம்பித்த சமயம் அது. அப்புறமும் அதை விடாமல் பல வருடம் பயன்படுத்திய பிடிவாதக்காரர்கள் உண்டு. ஆனாலும் உள்ளே இருப்பதை வேறெந்த மென்பொருளும் அப்படியே திறக்காது என்றால் எவ்வளவு நாள் தாங்கும்? அதனால்தான் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிக்காத எதையும் நான் இப்போது நம்புவதில்லை. நான் பயன்படுத்துவது ஆர்க் மோட். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-இல் ஈமேக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பு மென்பொருளுக்காக எழுதத் தொடங்கியது. நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, கீழே தேதி, ஆள் போன்ற பண்புகள், வேண்டும்போது அவை நெடுவரிசைகளாக விரியும். உனக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஈமேக்ஸின் விசைகளைப் பழகுவதற்குள் அப்பாவின் அடுத்த பரிசோதனையே வந்துவிடும்.

நீ ஆப்சிடியன் என்ற குறிப்பு மென்பொருளை எடுத்துக்கொள். ஒவ்வொரு குறிப்பும் உன் கணினியிலேயே ஓர் எழுத்துக் கோப்பாக இருக்கும். குறிப்பின் தலையில் நோயாளி, டாக்டர், தேதி, முடிந்ததா என்று பண்புகளை எழுதினால், 2025-இல் வந்த பேசஸ் வசதி அவற்றை அட்டவணையாகக் காட்டும். எக்கோவில் ஒரு வரி செய்ததை இங்கே ஒரு கோப்பு செய்கிறது. டாக்டரைப் பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குறிப்பு என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

ஒரு விஷயத்தில் நம் மொழிக்குத் தனிக் கவனம் வேண்டும். அஜெண்டா வரியில் உள்ள சொல்லைப் பார்த்துத் தானே வகை பிரிக்கும். தமிழில் அந்த வித்தை பாதிதான் பலிக்கும். ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டு வரி’ அகப்படாது. ‘கோயில்’ என்று தேடினால் ‘கோவில்’ தப்பிவிடும். ஆகவே தேடலை நம்பாமல் பண்பைக் கையாலேயே போடு, ஒரே எழுத்தமைப்பில்.

நெடுவரிசைகளை முதல் நாளே உருவாக்காதே. கொஞ்ச நாள் சும்மா எழுது. எதைக் கேட்டு உண்மையில் தேடினாய் என்பது தெரிந்தபின் அதற்கு மட்டும் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துக்கொள். குறிப்பு எழுதுவதை விட்டுவிட்டு அட்டவணைக்கு வண்ணம் பூசுவதையே பொழுதுபோக்காக்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். உன் சுபாவம் எனக்குத் தெரியும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை வரும், காப்பீட்டுத் தவணை வரும். இவற்றுக்குக் ‘கெடு’ என்று ஒரு தேதி மட்டும் தொடக்கத்திலேயே இருக்கட்டும். வங்கிக் கடவுச்சொல்லை இதில் எழுதவே எழுதாதே. அதற்குத் தனி மென்பொருள் இருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் அப்பாவின் பழைய லேப் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வை, ஒரு மத்தியானம் உட்கார்ந்து ஏற்றிவிடலாம். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். மற்றவை நேரில்.

அன்புடன்,
ரங்கன்