நின்ற இடத்திலேயே ஓடிய 10,000 கிலோமீட்டர்

நான் வாங்கிய காரைத் தயாரித்த நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவுக்கும் சர்வீஸ் பிரிவுக்கும்,

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

என் வண்டி எண், புகார் எண், பில்லின் நகல் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. நான்கு மாதத்தில் மூன்று கடிதம் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "தங்கள் கருத்துக்கு நன்றி." நான் கருத்துச் சொல்லவில்லை, கோரிக்கை வைத்தேன். அதனால் இந்த முறை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதைப் படிக்கும் வேறு நிறுவனத்தாரும் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கோரிக்கை இதுதான். ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று வண்டி எங்களுக்குச் சொல்லும் கணக்கில், ஓடிய தூரத்தோடு இன்ஜின் ஓடிய நேரத்தையும் சேருங்கள்.

சித்திரை மாதம் அது. கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் ஆச்சியையும் அவருடைய பேரனையும் திருச்சி விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை வழியாக வந்துகொண்டிருந்தேன். மறுநாள் அவர்கள் வீட்டில் முன்னோரை வணங்கும் படைப்பு. அன்று மாலைக்குள் ஆச்சி வந்து சேர்ந்தாக வேண்டும் என்று பங்காளிகள் காத்திருந்தார்கள். திருமயம் கோட்டையைத் தாண்டி ஒரு வேகத்தடையில் பிரேக்கை மிதித்தபோது, மீட்டரில் எண்ணெய்க் குவளை படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு ஒருமுறை கண்ணடித்தது. வேகம் எடுத்ததும் அணைந்துவிட்டது. வெயிலில் கண் கூசுகிறதோ என்று நினைத்தேன். அடுத்த வேகத்தடையில் எரிந்தது, அணையவில்லை. ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன்.

நிழலே இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு கருவேல மரம் நின்றது, அதன் நிழல் ஓர் ஆட்டுக்குக்கூடப் போதாது. ஆச்சிக்கு எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. "என்ன தம்பி, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? எனக்கே தெரியவில்லை. பத்து நிமிடம் பொறுத்து பானட்டைத் திறந்து, ஆயில் கேஜ் கம்பியை உருவித் துண்டால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். இரண்டு குறிகளில் கீழ்க் குறிக்கும் கீழே, நுனியில் மட்டும் கருப்பட்டிப் பாகு போல ஒரு சொட்டு. விரலில் தேய்த்தால் வழுக்கவில்லை, நறநறத்தது.

திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். "அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 2,900 கி.மீ." என்று சாந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆச்சி ஒன்றரை மணி நேரம் அந்த வெயிலில் இருந்தார். கானாடுகாத்தானிலிருந்து நண்பர் ஒருவர் வண்டி கொண்டுவந்து அழைத்துப் போனார். ஒரு சொல் கடிந்து பேசவில்லை, வாடகையையும் முழுதாகக் கொடுத்துவிட்டே போனார். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இன்ஜின் வேலைக்கு 64,000 ரூபாய் ஆனது. வாரண்டி கிடையாது என்றார்கள்.

காரணத்தை உங்கள் சர்வீஸ் நிலையத்தில் இருந்தவர் கையேட்டைத் திறந்து காட்டினார். சாதாரண ஓட்டத்திற்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு. கடின ஓட்டம் என்றால் 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம். கடின ஓட்டம் எது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்: புழுதி நிறைந்த சாலை, அடிக்கடி குறுந்தூரப் பயணம், நின்ற நிலையில் நெடுநேரம் இன்ஜினை ஓடவிடுதல், கடும் வெப்பம். ஐயா, இதற்கு 'செட்டிநாடு' என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கலாமே! எங்கள் செம்மண்ணையும் சித்திரை வெயிலையும் பார்த்துவிட்டு எழுதியது போல அல்லவா இருக்கிறது?

என் பிழைப்பைச் சொல்கிறேன். பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களைக் காரைக்குடியில் ஏற்றுவேன். பள்ளத்தூரில் நிற்பேன், கானாடுகாத்தானில் நிற்பேன், ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) செய்வதை அவர்கள் பார்த்து முடிக்கும் வரை நிற்பேன். தாத்தாவோ குழந்தையோ வண்டியிலேயே இருந்துவிடுவார்கள், ஏ.சி.யை அணைக்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது சக்கரம் உருளாமல் இன்ஜின் மட்டும் ஓடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிற்கும்போது இன்ஜின் நிமிடத்திற்குச் சுமார் 800 சுற்று. ஒரு மணி நேரத்தில் 48,000. அறுபது கி.மீ. வேகத்தில் போகும்போது என் வண்டி நிமிடத்திற்குச் சுமார் 2,000 சுற்று சுற்றுகிறது, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 2,000. ஆக, ஒரு மணி நேரம் நின்றால் இன்ஜினுக்கு அது 24 கி.மீ. மூன்று மணி நேரம் 72. மாதத்தில் இருபது நாள் சவாரி என்றால் 1,440. ஏழு மாதத்தில் 10,080 கி.மீ. அத்தனையும் நின்ற இடத்திலேயே ஓடியவை. உங்கள் திரைக்குத் தெரிந்ததெல்லாம் சாலையில் ஓடிய 7,100 மட்டுமே.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பலகாரம் சுடும் ஆச்சிமார் இதைச் சிரித்துக்கொண்டே விளக்குவார்கள். மணகோலமும் தேன்குழலும் சுடும்போது எண்ணெய் கெட்டதா என்று அவர்கள் எத்தனை ஈடு எடுத்தோம் என்பதை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. நுரை கட்டுகிறதா, நிறம் இறங்குகிறதா, எவ்வளவு நேரமாக அடுப்பில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். "மூன்று மணி நேரம் கடாய் காய்ந்தது, ஆனால் ஒரு தேன்குழல்கூடப் பிழியவில்லை, ஆகவே எண்ணெய் புதிது" என்று எவராவது சொன்னால் ஜல்லிக்கரண்டியாலேயே அடி விழும். உங்கள் திரை அதைத்தான் சொல்கிறது.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. வயலில் ஓடும் டிராக்டரிலும் ஜே.சி.பி.யிலும் மணிக்கணக்கு மீட்டர் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் ஆயில் மாற்றுகிறார்கள். கார்களிலேயே, இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூட்டில் சுற்றியது என்று எண்ணி ஆயிலின் மீதி ஆயுளைக் கணக்கிடும் முறையை ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களின் இறுதியிலேயே கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவில் ஹோண்டா விற்கும் கார்களில் ஆயிலின் ஆயுள் 100 சதவீதத்திலிருந்து இறங்கிக்கொண்டே வருவதைத் திரையில் பார்க்கலாம். இதற்கெல்லாம் ஆயிலுக்குள் கருவி எதையும் முக்கி வைக்க வேண்டியதில்லை. சுற்றும் சூடும் இன்ஜின் கணினிக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

சிவப்பு விளக்கு இருக்கிறதே என்பீர்கள். அது ஆயில் பழசானதைச் சொல்லும் விளக்கு அல்ல என்று உங்களுக்குத் தெரியும். ஆயிலின் அழுத்தம் விழுந்த பிறகு எரிவது அது. அது எரிந்தால் இன்ஜினை அணைப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது. ஆனால் இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அதைத்தான் 'ஆயில் மாற்றும் விளக்கு' என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வண்டி விற்கும் நாளில் மாலை போட்டுப் படம் எடுக்கும் நேரத்தில் இதை ஒரு நிமிடம் சொல்லியிருக்கலாம்.

திரை என்றால் சாதாரணத் திரையா? ஒன்பது அங்குலம். பாடகர் படம் வருகிறது, கதவோர விளக்குக்கு அறுபத்து நான்கு நிறம், சீட் பெல்ட் போடாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துகொள்ளும் அளவுக்குக் கூவுகிறது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளை மட்டும் எடுத்துவிட்டீர்கள். சில சொகுசு வண்டிகளில் கேஜ் கம்பியே கிடையாதாம். என் அப்பா ஒரு வளவில், அதாவது பெரிய வீட்டில், அம்பாசிடர் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்பியை உருவிப் பார்க்காமல் காபி குடிக்க மாட்டார். நான் திரையை நம்பி மூன்று வாரம் பானட்டைத் திறக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் நம்பச் சொன்னது யார்? "இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம், வண்டியே நினைவூட்டும்" என்று உங்கள் ஷோரூமில்தானே சொன்னார்கள்?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 64,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கவில்லை. கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். கேட்பது பழைய கோரிக்கையைத்தான். அடுத்த முறை மென்பொருளைப் புதுப்பிக்கும்போது இன்ஜின் ஓடிய நேரத்தையும் எண்ணுங்கள். அதுவரை, கையேட்டின் பொடி எழுத்தில் இருக்கும் அந்த 5,000 கி.மீ.யை வாடகை வண்டிகளின் திரையிலாவது பதிந்து கொடுக்கும்படி சர்வீஸ் நிலையங்களுக்குச் சொல்லுங்கள்.

இப்போது வெயில் மறைப்புக்குப் பின்னால் ஒரு நாற்பது பக்க நோட்டைச் செருகி வைத்திருக்கிறேன். எங்கே, எத்தனை மணி நேரம் நின்றேன் என்று பென்சிலால் எழுதுகிறேன். நேற்று ஆத்தங்குடியில் ஒன்றே கால் மணி, கானாடுகாத்தானில் இரண்டு மணி. இந்த வேலையை உங்கள் கணினி எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

பணிவுடன்,
உங்கள் வாடிக்கையாளரான ஒரு வாடகைக் கார் ஓட்டுநர்,
காரைக்குடி