தீர்மானத்தில் முகத்தைக் காட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சியில் வரும் நாட்டிய நிகழ்ச்சிகளையும் சித்திரைத் திருவிழா நேரலைகளையும் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களைத் தங்கள் இதழில் படித்தேன். 'ஆட்டம் தாளத்தோடு சேரவே இல்லை', 'நாதஸ்வரம் விட்டு விட்டுக் கேட்டது', 'டிவியில் பார்த்தால் மனசு ஒட்டவில்லை' என்று பலரும் சொல்லியிருந்தார்கள். ஆதங்கம் நியாயமானது. ஆனால் இவ்வளவு பொதுவாகச் சொன்னால் ஒளிபரப்புகிறவர்கள் எதைப் பிடித்துத் திருத்துவார்கள்? பழி பெரும்பாலும் ஆடியவர் மீதும் வாசித்தவர் மீதும் போய் விழுகிறது. குறை எங்கே பிறக்கிறது என்று தெரிந்து எழுதினால்தான் அடுத்த முறையாவது மாறும்.

முதலில் படம். பரதநாட்டியத்தில் முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் அமர்ந்ததும் முழங்கால்கள் இரு பக்கமும் விரிகின்றன, பாதங்கள் பக்கவாட்டில் திரும்புகின்றன. அடவு என்னும் அடிப்படை ஆட்ட அசைவின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. குதித்து மெட்டடவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பாதத்தில் குதித்து நின்று, பிறகு குதிகாலைத் தரையில் அடிக்க வேண்டும். இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினால் பார்ப்பவருக்குத் தெரிவது ஏறி இறங்கும் ஒரு தலை, அவ்வளவுதான். நாட்டடவில் நீட்டிய காலின் குதிகால் படச் சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஜதி என்னும் தாளச் சொற்கட்டு முடியும் இடத்தில், அதை முடித்துவைக்கும் தீர்மானம் மூன்று முறை வந்து தாளத்தின் முதல் அடியான சமத்தில் இறங்கப்போகும் அந்த நேரத்தில், முகத்துக்கு நெருங்கிப் போவதுதான் பெரிய குற்றம். சினிமாப் பாட்டு எடுத்துப் பழகிய கைக்கு, தாளம் வேகமாகும்போது ஷாட்டையும் வேகமாக மாற்றத் தோன்றும். நாட்டியத்துக்கு அது நேர் எதிர். ஜதி தொடங்கியதிலிருந்து முடியும் வரை, தூக்கிய கை விரல் முதல் பாதம் வரை அடங்கும் ஒரே ஷாட் போதும். நெருக்கத்தைப் பதம், ஜாவளி போன்ற அபிநயப் பாடல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கும் 'கை போகும் வழியில் கண் போக வேண்டும்' என்பது அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல் சொல்லும் முறை. கண்ணைக் காட்டிக் கையை வெட்டினால் உணர்ச்சி வெளிப்பாட்டில் பாதி போயிற்று. இடுப்பு வரை எடுத்து, இரு பக்கமும் கை நீள இடம் விட வேண்டும்.

கேமரா நிற்கும் உயரமும் முக்கியம். மேடை மூன்றடி, நான்கடி உயரத்தில் இருக்க, கேமராவைத் தரையில் நிறுத்தினால் மேடை விளிம்பில் வைத்த பூ அலங்காரமும் மானிட்டர் ஸ்பீக்கரும் பாதத்தை மறைக்கும். அதற்குப் பயந்து மாடியில் ஏற்றி வைத்தால் அரைமண்டி நசுங்கித் தெரியும். ஆடுபவரின் நெஞ்சு மட்டத்துக்கு லென்ஸ் வரும்படி கேமராவுக்குத் தனி மேடை போட்டு நடுவில் நிறுத்துவதுதான் சரி. இன்னொன்று: அடவை வலப்பக்கம் செய்து பிறகு இடப்பக்கம் செய்வார்கள். பாதியில் ஒரு பக்கக் கேமராவிலிருந்து எதிர்ப்பக்கக் கேமராவுக்குத் தாவினால் திசை குழம்பி, ஆடியவர் ஒரே பக்கத்தை இரண்டு முறை செய்ததுபோல் ஆகிவிடும். தெரியாதவர்கள் அதைத் தவறு என்று எழுதுகிறார்கள். பாவம், ஆடிய பிள்ளை.

'தாளத்தோடு சேரவில்லை' என்ற புகாருக்கு வருகிறேன். படத்துக்குச் சத்தம் 45 மில்லி விநாடி முந்தினாலோ, 125 மில்லி விநாடி பிந்தினாலோ மனிதர்களுக்கு அது தெரியத் தொடங்கும் என்பது ஒளிபரப்புத் துறையின் சர்வதேசக் கணக்கு. இயற்கையில் சத்தம் எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது. அதனால் பிந்தினால் பொறுத்துக்கொள்கிறோம், முந்தினால் உடனே உறுத்துகிறது. ஆனால் இது பேச்சுக்குப் போதும், ஜதிக்குப் போதாது. தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரத்துக்கு முக்கால் விநாடி என்று வையுங்கள். அதில் 'தகதிமி' நான்கு எழுத்து வந்தால் எழுத்துக்கு 190 மில்லி விநாடி. வேகம் இரட்டிக்கும் மேல்காலத்தில் எட்டானால் 95-க்கும் கீழே. 125 பிந்தினால் கால் ஓர் எழுத்திலும் சலங்கை அடுத்த எழுத்திலும் இருக்கும்.

இந்தத் தாமதம் பல நேரங்களில் நம் வீட்டிலேயே உண்டாகிறது. புளூடூத் ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் 100, 200 மில்லி விநாடி பிந்துவது சாதாரணம். அதைக் கழற்றி டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேளுங்கள். பிறகு ஒரு செய்தி சேனலுக்குப் போய் வாசிப்பவரின் உதட்டைப் பாருங்கள். அங்கும் ஒட்டவில்லை என்றால் கோளாறு வீட்டில். அங்கே சரியாக இருந்து நாட்டியத்தில் மட்டும் விலகினால் தாராளமாக நிலையத்துக்கு எழுதுங்கள்.

பழைய பதிவுகளை மறு ஒளிபரப்பும்போது ஆடுபவர்கள் எல்லோரும் குண்டாகத் தெரிவதும் இப்படித்தான். அவை 4:3 (அகலம் 4, உயரம் 3) அளவில் எடுத்தவை. 16:9 திரைக்கு இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். 'ஜூம்' வைத்தால் மேலே எட்டில் ஒன்றும் கீழே எட்டில் ஒன்றும் வெட்டுப்படும். கீழே வெட்டுப்படுவது பாதம்! இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும்.

இனி மேளம். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் முழங்கிய மதுரையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழுந்தால் ஒலி அளவு நொடியில் உச்சத்துக்குப் போகும். அது எல்லை தாண்டாமல் தடுக்க ஒளிபரப்பு வண்டியில் லிமிட்டர் என்ற கருவியை வைக்கிறார்கள். எல்லா மைக்கும் சேர்ந்த பிறகு அதை வைப்பதுதான் சிக்கல். தவில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் நாதஸ்வரமும் கூடவே அமுங்கி, அடி ஓய்ந்ததும் மெல்ல எழும்பி வரும். வித்வானுக்கு மூச்சுப் போதவில்லையோ என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். தவிலின் இரு பக்கத்துக்கும் தனி மைக், அவற்றுக்குத் தனி லிமிட்டர், பிறகு கலவை என்று வைத்தால் தீர்ந்தது. நாதஸ்வர மைக்கை, நுனியில் விரியும் வாயான அணசுக்குள் திணிக்கக் கூடாது. ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஒன்றரை, இரண்டடி தள்ளி, துளைகளும் அணசும் சேர்ந்து கேட்கும்படி வைத்தால்தான் ஸ்வரங்களை அசைத்து வாசிக்கும் கமகம் முழுசாகக் கிடைக்கும். மொபைலில் நேரலை செய்பவர்கள் இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்துவிட வேண்டும். ஒரே சீராக ஒலிக்கும் சுருதியை அது இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடும்.

சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி கம்பீர நாட்டை ராகத்தில் அமைந்தது. பாட்டு வரி இல்லாததால் நேரலையில் அதைப் பின்னணி இசை என்று எண்ணி, அதன் மேல் வர்ணனை பேசுகிறார்கள். பேசும்போதெல்லாம் மேளத்தைக் கீழே இறக்குகிறார்கள். மல்லாரி முடியும் வரை வர்ணனையாளர் பொறுத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. தல வரலாறு சொல்ல அதற்குப் பிறகு நேரம் இருக்கிறது. தாள வாத்தியம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பாதியில் வெட்டி விளம்பரம் போடுவது பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அவர்கள் சொன்னதே என் கருத்தும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதும்போது நாள், மணி, உருப்படி (ஆடிய அல்லது வாசித்த பாடல்), எந்த வாத்தியம், கேபிளா டிடிஎச்சா மொபைலா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். 'வர்ணம், இரண்டாவது தீர்மானம், இரவு 7.42, பாதம் தெரியவில்லை' என்று ஒரு வரி போதும், பதிவை ஓட்டிப் பார்ப்பவருக்கு இடம் உடனே தெரிந்துவிடும். ஒரு ஜதி முழுவதும் கேமரா அசையாமல் நின்றிருந்தால் அதையும் நேரத்தோடு எழுதுங்கள். நல்லது எது என்று கேமராக்காரரிடம் யாரும் சொல்வதில்லை. ஆசிரியர் அவர்கள் இத்தகைய கடிதங்களைச் சுருக்கும்போது அந்த மணியையும் உருப்படியின் பெயரையும் மட்டும் எடுத்துவிடாமல் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நட்டுவாங்கக் கலைஞர்,
தல்லாகுளம், மதுரை.