காத்திருக்கும் நேரமும் பயிற்சிதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அழகர் மலைக்குத் திரும்பிய கையோடு மதுரையில் கோடைப் பயிற்சி முகாம்கள் களைகட்டிவிட்டன. மாலையில் எந்த உள்ளரங்க இறகுப்பந்துக் களத்துக்குப் போனாலும், நான்கு பேர் ஆட, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கைப்பேசியில் தலைகவிழ்ந்து முறைக்குக் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களை மனத்துக்குள் ஆடவைக்கலாம் என்று பயிற்சியாளர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு கணுக்கால் பிசகி ஆறு வாரம் வீட்டில் கிடந்தபோது, தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு பேக்ஹேண்டில் குட்டை சர்வீஸ் மட்டும் போட்டுப் பார்த்தேன். முதல் வாரம் மனம் வெற்றியையும் கைதட்டலையும்தான் காட்டியது. அதனால் ஒரு பயனும் இல்லை. பிறகு, இடக்கை விரல்களில் இறகின் நுனி நெருடுவது, பிடியில் கட்டைவிரல் அழுந்துவது, நடுவில் ஐந்தடி உயரத்தில் நிற்கும் வலையின் வெள்ளை நாடாவை உரசினாற்போல் தாண்டி எதிர்ப்பக்க சர்வீஸ் கோட்டருகே பந்து இறங்குவது என ஒவ்வொன்றாக, நிஜத்தில் ஆகும் அதே வேகத்தில், பக்கத்தில் நின்று பார்ப்பவனாக அல்லாமல் ஆடுபவனாகவே கண்டேன். திருநின்றவூர்ப் பூசலாரும் குடமுழுக்கை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அடித்தளம், சுதை வேலை, கிணறு, மதில் என்று வரிசையாகத்தானே மனக்கோயிலைக் கட்டினார்! மீண்டும் களமிறங்கியபோது கால்கள் தடுமாறின, ஸ்மாஷ் பாழாகியிருந்தது. சர்வீஸ் மட்டும் கைவிட்டுப் போகவில்லை.

அசைவை மனத்தில் நிகழ்த்தும்போது, அதைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளும் இயங்குகின்றன என்கிறது ஆய்வு. சும்மா இருப்பதைவிட இது மேல். களத்தில் ஆடுவதற்கு ஈடாகாது. பந்து வலையில் விழுவதாகவே காட்சி வந்துகொண்டிருந்தால் ஆட்டம் கெடவும் கூடும் என்பதால், அப்போது நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். பழகிய பிள்ளைகளுக்குப் போட்டியில் 11 புள்ளியில் கிடைக்கும் 60 விநாடி இடைவேளையிலும் அடுத்த சர்வீஸை ஒருமுறை மனத்தில் போட்டுப் பார்க்க முடியும்.

பெற்றோர் மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறார்கள். கைப்பேசிகளை ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட்டு, மட்டையைக் கையில் கொடுத்துப் பெஞ்சில் பத்து நிமிடம் கண்மூடி உட்காரவைக்கத் தனிக் கட்டணம் ஏதும் தேவைப்படாது. இந்த முகாமிலேயே பயிற்சியாளர்கள் முயன்று பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை.