புதிய அறுவை அரங்கின் பொறுப்பை ஏற்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் மாறுதல் ஆணை வந்துவிட்டது என்றும், புதிய அறுவை அரங்கின் பொறுப்புச் செவிலியராக நீ சேரப்போகிறாய் என்றும் கேட்டு மிகவும் மகிழ்ந்தேன். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது கட்டடத்தைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் எல்லோரும் பேசினார்கள். அந்த அரங்குகளுக்குள் முன்பின் அறியாத மனிதர்கள் ஒன்றாக நின்று ஒரு நோயாளியின் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதை யாரும் பெரிதாக எடுத்துப் பேசவில்லை. உன் அரங்கிலும் கலந்தாய்வில் இடம் எடுத்து வந்தவர்கள், தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள், பழைய தலைமை மருத்துவமனைக் காலத்திலிருந்தே அங்கு இருக்கும் தியேட்டர் உதவியாளர்கள், ஒப்பந்த நிறுவனம் அனுப்பும் துப்புரவுப் பணியாளர்கள் என்று நாலா பக்கமிருந்தும் வந்து சேர்கிறார்கள். "இவர்களை எப்படி அக்கா ஒரு குழுவாக்குவது?" என்று நீ கேட்டாய். இதே கேள்வியோடு பொறுப்பேற்பவர்கள் இன்னும் பலர் இருப்பதால், உனக்கு எழுதும் பதிலை அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், புதிய குழு என்பதை ஓர் ஆபத்தாகவே எண்ணிக்கொள். விமானத்துறைக்காரர்கள் இதை நமக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1978 முதல் 1990 வரை விமானிகளின் பங்கு இருந்த பெரிய விபத்துகளை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 1994-ல் வெளியிட்ட அறிக்கையில், விவரம் கிடைத்த 15 விபத்துகளில் 11, அந்த விமானிகள் சேர்ந்து பறந்த முதல் நாளிலேயே நடந்தவை என்று தெரியவந்தது. அவர்களில் யாரும் வேலை தெரியாதவர்கள் அல்லர். பக்கத்தில் இருப்பவர் எதைச் சொல்வார், எதைச் சொல்லாமல் விடுவார், சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது தெரியாமல் பறந்தவர்கள். நம் அரங்கில் இரவு இரண்டு மணிக்கு அவசரச் சிசேரியன் வரும்போது நிற்கும் நிலையும் பெரும்பாலும் இதுவே.

ஆகவே பெயரிலிருந்து தொடங்கு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் நிறுத்திச் சொல்ல வேண்டியவற்றில் முதலாவது, அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் வேலையையும் சொல்லி அறிமுகமாகிவிட்டார்களா என்பதுதான். நம் ஊரில் பலர் இதைத் தேவையற்ற சடங்காக நினைக்கிறார்கள், அல்லது வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். தொப்பியும் முகக்கவசமும் போட்டபின் எல்லோரும் ஒரே மாதிரி தெரியும் இடத்தில், இரத்தம் உறிஞ்சும் கருவியைக் காட்டி "யாராவது அந்தச் சக்ஷனைப் பாருங்கள்" என்றால் யாருமே பார்க்க மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவர் நகர்வார். சிட்னியைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ராப் ஹாக்கெட், 2017-ல் தம் தொப்பியிலேயே பெயரையும் பணியையும் எழுதிக்கொண்டு அரங்குக்குள் போனது பல நாடுகளில் வழக்கமாகப் பரவியது. உனக்கு அச்சிட்ட தொப்பி எதுவும் வேண்டாம், பிளாஸ்டர் துண்டும் ஒரு மார்க்கர் பேனாவும் போதும். துப்புரவு அம்மாவின் தொப்பியிலும் பெயர் இருக்க வேண்டும். தலைமை அறுவை மருத்துவரின் தொப்பியில் முதல் நாளே ஒட்டிவிடு. அவர் ஒட்டிக்கொண்டால் மற்ற யாரும் மறுக்க மாட்டார்கள்.

அதே பட்டியலைப் பற்றி இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-ல் முடிவு வெளியானது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் அதைக் கட்டாயமாக்கிய பிறகு, இறப்பில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு ஆய்வுக்கும் இடையில் வேறுபாடுகள் பல உண்டு என்றாலும், எனக்குத் தோன்றும் காரணம் நீயும் அறிந்ததுதான்: தாள் கேஸ் ஷீட்டில் இருக்கும், டிக் விழுந்திருக்கும், வாய் திறந்து ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். நோயாளி வார்டுக்குப் போன பிறகு மொத்தமாக உட்கார்ந்து டிக் அடிப்பதை உன் அரங்கில் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடு.

அடுத்தது எண்ணிக்கை, அதாவது இரத்தம் ஒற்றும் மாப் துணிகளும் கருவிகளும் வயிற்றுக்குள் தங்கிவிடாதபடி எண்ணிச் சரிபார்ப்பது. ஒரு மருத்துவமனையில் மாப்பை ஐந்து ஐந்தாகக் கட்டுவார்கள், இன்னொன்றில் வேறு மாதிரி. ஒருவர் சத்தமாக எண்ணுவார், ஒருவர் மனதுக்குள் எண்ணி விரலைக் காட்டுவார். ஒருவர் பலகையில் எழுதுவார், ஒருவர் கையுறை உறையின் பின்புறத்தில் குறித்துக்கொள்வார். தனித்தனியாக எல்லாமே நல்ல பழக்கங்கள்தான். கலந்து நின்றால்தான் ஆபத்து. முதல் அறுவைக்கு முன் ஒரு பிற்பகலை இதற்கென்று ஒதுக்கி, எல்லோரையும் காலி மேசையைச் சுற்றி நிறுத்தி, ட்ராலி அடுக்குவதிலிருந்து கடைசி எண்ணிக்கை வரை ஒரு பொய் அறுவையை நடத்திப் பார். நீயாக ஒரு முறையை அறிவித்துவிடாதே. "உங்கள் பழைய இடத்தில் எப்படிச் செய்வீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு, பேசி முடித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பலகைக்கு மேலே எழுதி ஒட்டு. ஊர் சுற்றிப் பார்ப்பதும் பிறந்தநாள் கேக்கும் நல்லவைதான், ஆனால் அந்த ஒரு பிற்பகலில் மனிதர்கள் நெருங்குவதுபோல் வேறெதிலும் நெருங்கி நான் பார்த்ததில்லை. தான் கற்றுவந்த முறையை நாலு பேர் மரியாதையாகக் கேட்டார்கள் என்பது ஒரு செவிலியருக்குச் சிறிய விஷயமில்லை.

இதையெல்லாம்விட முக்கியமானதை இப்போது சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் அரங்கில், வயிற்றை மூடப்போகும் நேரத்தில், புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளர் ஒருவர் தயங்கித் தயங்கி, "சிஸ்டர், வாளியில் நான்குதான் விழுந்தது" என்றார். பலகையில் ஐந்து என்று இருந்தது. மருத்துவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அரங்கு முழுவதும் அந்தப் பையனையே பார்த்தது. பொறுப்பில் இருந்த அம்மையார், "நல்ல வேளை சொன்னாய், எல்லோரும் நிறுத்துங்கள், மறுபடி எண்ணுவோம்" என்றார். எண்ணினார்கள். ஐந்தாவது மாப், பக்கவாட்டுத் துணியின் மடிப்பில் இருந்தது. வயிற்றுக்குள் எதுவும் இல்லை, பையனின் பயம் வீண்தான். ஆனாலும் அறுவை முடிந்ததும் அந்த அம்மையார் எல்லோர் முன்னிலையிலும் அவனுக்கு நன்றி சொன்னார். அதற்குப் பிறகு அந்த அரங்கில் யாரும் சந்தேகத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்க்கவில்லை. அன்று அவர், "உனக்கென்ன தெரியும், தள்ளி நில்" என்று சொல்லியிருந்தால், எத்தனை கூட்டம் போட்டாலும் அந்தக் குழு திரும்ப வாய் திறந்திருக்காது.

ஏமி எட்மண்ட்சன் என்னும் ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்ததைக் கண்டு முதலில் திகைத்தார். அங்கே பிழையை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே காரணம். உன் அரங்கிலும் முதல் மூன்று மாதங்களில் பதிவேட்டில் குறைகள் கூடுதலாக ஏறும். நிலைய மருத்துவ அலுவலர் கேட்டால் தயங்காமல் விளக்கு. குறைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும்படி யாரையும் தூண்டிவிடாதே.

சண்டைகளும் வரும். குழுக்கள் உருவாகும் கட்டங்களை 1965-ல் வகுத்துக் காட்டிய புரூஸ் டக்மன், அறிமுகத்துக்கு அடுத்த கட்டமாக மோதலையே வைத்தார். காலை முதல் கேஸ் யாரால் தாமதமானது, கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு யார் அனுப்பவில்லை என்றுதான் தொடங்கும். வேலையைப் பற்றிய சண்டையாக இருக்கும்வரை அஞ்சாதே, உட்காரவைத்துப் பேசினால் தீரும். நிரந்தரப் பணியாளர், தொகுப்பூதியக்காரர் என்று பிரிந்து நிற்கும் சண்டையாக மாறினால் மட்டும் உடனே தலையிடு. அந்தப் பிரிவுக்கு உரம் போடுவது பெரும்பாலும் பணிப்பட்டியல்தான். ஞாயிறும் தீபாவளியும் இரவுப் பணியும் சம்பளம் குறைந்தவர்கள் தலையிலேயே விழுந்தால், அரங்குக்குள் அவர்களிடம் நீ எந்த ஒற்றுமையையும் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. பட்டியலை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டு, உன் பெயரையும் இரவுப் பணியில் போட்டுக்கொள். தேநீர் வரும்போது துப்புரவுப் பணியாளர்களுக்கும் அதே அறையில் அதே டம்ளரில் கொடுக்கச் செய்.

பயிற்சி மாணவிகளும் புதிய மருத்துவர்களும் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் பெயர் சொல்வதிலிருந்து மறுபடி தொடங்கு. பழையவர்கள் சலித்துக்கொண்டாலும் விடாதே. அடுத்த மாத இரவுப் பணிப் பட்டியலின் வரைவை ஒட்டுவதற்கு முன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா